எஸ்ஏசிடி, கரையான், அப்பாவோட கேசட்டு

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். 2025 பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, சென்னையில ஒருத்தர்கிட்டேர்ந்து பழைய எஸ்ஏசிடி பிளேயர் ஒண்ணு வாங்கினேன். விலை 38,000 ரூபாய். அம்மாகிட்ட 12,000ன்னு சொல்லியிருக்கேன். அம்மா இதெல்லாம் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் எழுதறேன் :-)

என்னடா இது, போன்லயே எல்லாப் பாட்டும் கிடைக்கிற காலத்துல இவன் தட்டு சுத்துற பொட்டியை வாங்கிட்டு வந்து பீத்திக்கறானேன்னு நினைப்பீங்க. நியாயம்தான். பெங்களூருல நான் பொட்டி தட்டுற வேலைதான் பார்க்கறேன். கல்யாணம் ஆகலை. இ.எம்.ஐ. எதுவும் இல்லை. இந்த வயசுல எல்லாரும் பைக், கேமரான்னு ஏதாவது ஒண்ணுல போய் விழுவாங்க. நான் விழுந்தது ஆடியோவுல. அதுக்குக் காரணம் அப்பா. அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல எஸ்ஏசிடின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச சிடி 1982ல வந்தது. அதுல ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கறாங்க. ஒவ்வொரு அளவும் 16 பிட். அதாவது 65,536 கோடு போட்ட அடிஸ்கேல் வச்சு அளக்கற மாதிரி. இதுல 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சிடலாம். மனுஷக் காது நல்லா இருக்கற காலத்துலயே 20 வரைக்கும்தான் கேட்கும். கணக்குப்படி சிடியே போதும்.

ஆனா போதும்னு எவன் சொன்னான்? 1999ல சோனியும் ஃபிலிப்ஸும் சேர்ந்து எஸ்ஏசிடின்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. அதுல முறையே வேற. ஒரே ஒரு பிட்டுதான். ஆனா வினாடிக்கு 28,22,400 தடவை. அடிஸ்கேலே கிடையாது. ஒவ்வொரு தடவையும் "ஏறு", "இறங்கு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே போகும். அதுலேர்ந்து ஒலி அலையோட வடிவம் திரும்பக் கிடைக்கும். இதனால வர்ற இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி விட்டுடுவாங்க. உண்மையிலேயே அழகான வேலை.

அடுத்த வருஷமே, 2000ல, டிவிடி ஆடியோன்னு போட்டிக்கு ஒண்ணு வந்தது. அது பழைய அடிஸ்கேல் முறைதான். ஆனா 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். இதுக்கு வாங்கின தட்டு அதுல ஓடாது, அதுக்கு வாங்கினது இதுல ஓடாது. ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாங்க. 2001 அக்டோபர்ல ஐபாட் வந்தது. ஜனங்க நல்ல ஒலி வேணும்னு கேட்கலை, ஆயிரம் பாட்டு சட்டைப் பையில வேணும்னு கேட்டாங்க. அடிச்சிக்கிட்ட ரெண்டு பேரையும் விட்டுட்டு எம்பி3 போய்க்கிட்டே இருந்தது. நம்ம ஊர் கதையும் அதுதான். தெருவோரத்துல 150 பாட்டு அடங்கின எம்பி3 சிடி வித்த காலத்துல, எஸ்ஏசிடின்னு சொன்னா கடலூர்ல யாருக்குப் புரிஞ்சிருக்கும்?

அப்பாவுக்குப் புரிஞ்சிருந்தது.

(கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.)

அப்பா 1984லேர்ந்து திருப்பாப்புலியூர்ல பாட்டு ரெக்கார்டிங் கடை வச்சிருந்தார். பத்துக்குப் பன்னெண்டு கடை. ஒரு பக்க சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டு. நீங்க ஒரு தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போனா, மூணு நாள்ல 60 நிமிஷ கேசட்டுலயோ 90 நிமிஷ கேசட்டுலயோ பதிஞ்சு வச்சிருப்பார். அட்டையில பாட்டுப் பேரை அவர் கையெழுத்துலயே எழுதித் தருவார். சட்டப்படி பார்த்தா தப்புதான். ஆனா அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல இப்படி ஒரு கடை இல்லாத ஊர் எது?

அப்பாவோட பெருமை என்னன்னா மீட்டர் ஊசி. டெக்குல ரெண்டு மீட்டர் இருக்கும், இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு. பாட்டோட சேர்ந்து ஊசி ஆடும். சிவப்புல அடிச்சு நின்னா சத்தம் கிழியும். ரொம்பக் கீழேயே கிடந்தா நாடாவோட இரைச்சல் மேலே வந்துடும். ஒவ்வொரு பாட்டுக்கும் முழுசா ஒரு தடவை ஓட விட்டு, பெரிய சத்தம் எங்க வருதுன்னு பார்த்துட்டுத்தான் பதிவு பண்ணுவார். மத்த கடையில ரெண்டு கேசட்டு முடியிற நேரத்துல இவர் ஒண்ணு முடிப்பார். அதனால லாபமும் பாதிதான். அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க.

கேசட்டு போய் எழுதுற சிடி வந்தது. கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். சிடி போய் மெமரி கார்டு வந்தது. செல்போன்ல பாட்டு ஏத்தற வேலை. "இதுல எனக்கு என்னாடா வேலை இருக்கு? எலியைப் புடிச்சு இங்கேர்ந்து அங்க இழுத்துப் போடறதுக்குப் பேரு தொழிலா?"ன்னு அப்பா சொன்னது எனக்கு நல்லா நினைவிருக்கு. அப்ப எனக்குப் பன்னெண்டு, பதிமூணு வயசு இருக்கும். மவுஸ் புடிச்சு இழுத்துப் போட்டது நான்தான்.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. கடலூர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடந்தது. வாரக்கணக்குல கரெண்ட் இல்லை. எங்க கடையோட தகரக் கூரை எங்க போச்சுன்னே தெரியலை. ரெண்டு நாள் மழை உள்ளயே பெஞ்சிருந்தது.

அந்த ஈரக் கடையிலதான் ஒலிப்பதிவு வடிவங்களைப் பத்தின முதல் பாடம் படிச்சேன். கம்ப்யூட்டர் காலி, ஹார்ட் டிஸ்க் காலி. எழுதுற சிடியெல்லாம் சேத்துல கிடந்து கீறல் விழுந்து, பாதிக்கு மேல படிக்கலை. ஏற்கெனவே வெயில் பட்டு சாயம் போனது வேற கொஞ்சம். கேசட்டை ஒவ்வொண்ணா திறந்து, நாடாவைக் காய வச்சு, வேற கூட்டுக்கு மாத்தினதுல ஒரு பகுதி பிழைச்சது. எல்பி ரெக்கார்டு? அட்டை மட்டும் கூழாப் போச்சு. தட்டைத் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு மெத்துன்னு துணியால கழுவி, நிழல்ல காய வச்சு, தை மாசம் கரெண்ட் வந்ததும் போட்டார். பாடிச்சு. இருக்கறதுலயே பழைய சாமான்தான் தாங்கினது.

அதோட கடையை மூடிட்டார். 2012ல சிதம்பரத்துல அம்மா வீட்டுப் பக்கம், கீழ வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல குடி வந்துட்டோம். நான் பன்னெண்டாவது முடிச்சு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயே இஞ்சினியரிங் படிச்சேன். அப்பா ஒரு கடையில கணக்கு எழுதப் போனார். டெக்கும், ஆம்ப்ளிஃபையரும், ரெண்டு ஸ்பீக்கரும், எல்பியும் மாடி அறைக்குப் போச்சு.

சரி, பிளேயர் கதைக்கு வருவோம்.

பிளேயரோட நான் வாங்கினது ஒரே ஒரு எஸ்ஏசிடி தட்டு. பிங்க் ஃப்ளாய்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. ஆல்பம் 1973. இந்தத் தட்டு 2003ல வந்தது. இதுல ரெண்டு அடுக்கு இருக்கு. மேல் அடுக்கு சாதாரண சிடி, எந்தப் பிளேயர்லயும் ஓடும். கீழ் அடுக்கு எஸ்ஏசிடி. ஒரே தட்டுல பழசும் புதுசும். சோதனை பண்ண இதை விட வசதி உண்டா?

பொங்கல் லீவுல சிதம்பரம் போனேன். மாடியில எல்லாத்தையும் இணைச்சேன். அப்பா வந்து ஈஸி சேர்ல உட்கார்ந்தார். கடிகாரமெல்லாம் ஒண்ணா அடிக்கிற இடம் வந்துச்சு.

"கடிகாரக் கடைக்குள்ள போன மாதிரி இருக்குடா"ன்னார்.

உண்மையிலேயே அது கடிகாரக் கடையிலதான் பதிவு பண்ணினது. ஆலன் பார்சன்ஸ்ங்கற ஒலிப்பதிவாளர், பழங்காலக் கடிகாரம் விக்கிற கடைக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியா பதிவு பண்ணிட்டு வந்தார். அப்பாவுக்கு பிங்க் ஃப்ளாய்டும் தெரியாது, பார்சன்ஸும் தெரியாது. எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

அப்புறம் சிடி அடுக்குக்கு மாத்தினேன். சொல்லாமத்தான் மாத்தினேன். அரை நிமிஷம் கூட ஆகலை.

"என்னா பண்ணின? அமுக்கிட்டியே."

வெற்றி! 38,000 ரூபாய் வீண் போகலை! எஸ்ஏசிடிக்கும் சிடிக்கும் வித்தியாசம் இருக்கு, அறுபது தாண்டின காதுக்கே தெரியுதுன்னு குதிச்சேன். ஆனா படிச்ச படிப்பு சும்மா இருக்க விடலை. அன்னிக்கு ராத்திரி ரெண்டு அடுக்கோட ஒலியையும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா லேப்டாப்புல 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல பதிவு பண்ணி, அலை வடிவத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன்.

ரெண்டும் ஒரே மாஸ்டர் இல்லை. சிடி அடுக்குல சத்தம் அதிகம். சின்ன சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தைத் தட்டி, எல்லாத்தையும் மேலேயே வச்சிருந்தாங்க. தேடிப் பார்த்தா, தட்டு வந்த சமயத்துலயே ஆடியோ பத்திரிகைக்காரங்க இதை அளந்து எழுதியிருந்தாங்க. ஆக, அப்பா கண்டுபிடிச்சது எஸ்ஏசிடியை இல்லை. அமுக்கினதை.

அப்ப நிஜ வித்தியாசம் கேட்குதா இல்லையான்னு எப்படிப் பார்க்கறது? எஸ்ஏசிடி அடுக்கோட பதிவையே எடுத்து, சிடி அளவுக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைச்சு இன்னொரு நகல் பண்ணினேன். இப்ப மாஸ்டர் ஒண்ணு, சத்தம் ஒண்ணு, அளவு மட்டும் வேற. ஃபூபார்ல ஏபிஎக்ஸ்னு ஒரு சோதனை இருக்கு. எது எதுன்னு சொல்லாமப் போட்டுக் காட்டும், நீங்க கண்டுபிடிக்கணும். 16 தடவை. கண்ணை மூடிட்டுக் குத்தினாலே பாதி சரியா வரும். பன்னெண்டோ அதுக்கு மேலயோ வந்தா, காது வேலை செஞ்சிருக்குன்னு ஒத்துக்கலாம்.

மொதல்ல அமுக்கின சிடி அடுக்கையும் எஸ்ஏசிடி அடுக்கையும் சத்தத்தைச் சமமாக்கிட்டுக் கொடுத்தேன். அப்பா 16க்கு 16.

அடுத்து, குறைச்ச நகல். அப்பா 9. நான் 7.

இருபத்தெட்டு வயசு, ஆடியோ வெறியன், அதுவும் ஏழு! நாணயம் சுண்டிப் போட்டிருந்தா எட்டு வந்திருக்கும் :-(

இது என் காதோட குத்தம் மட்டும் இல்லை. 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல இதையே பெரிய அளவுல செஞ்சாங்க. எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ பிளேயர்லேர்ந்து வர்ற ஒலியை நடுவுல சிடி அளவு வழியா அனுப்பி, கேட்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியுதான்னு பார்த்தாங்க. 554 சோதனை. சரியாச் சொன்னது 49.8 சதவீதம். சுத்தமா பூவா தலையா. 2016ல ரைஸ்னு ஒருத்தர் 18 ஆய்வுகளை மொத்தமாச் சேர்த்துக் கணக்குப் போட்டார். அதுல 52.3 சதவீதம் வந்தது. அதாவது வித்தியாசம் இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா சம்பளத்தைக் கொண்டு போய்க் கொட்டற அளவுக்கு இல்லை.

இன்னொரு கூத்து 2022ல நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டின்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. அவங்க எல்பியில டிஜிட்டலே கலக்காத சுத்த அனலாக் ஒலி இருக்குன்னு ரசிகர்கள் கொண்டாடி, கொட்டிக் கொடுத்து வாங்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷம் பார்த்தா, பல வருஷமாவே நடுவுல ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கு. அதுவும் எஸ்ஏசிடியோட அதே ஒரு பிட் முறையில. சொல்ற வரைக்கும் காதால கேட்டுக் கண்டுபிடிச்ச ஆள் யாருமில்லை.

அப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். அவர் மேலே சுத்தற ஃபேனைப் பார்த்தார்.

"மொதல்ல அதை நிறுத்திட்டுக் கேளு."

அளந்தேன். ஃபேன் ஓடறப்ப அறையில 43 டெசிபல். சிடியோட சின்ன சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி 96 டெசிபல். சிடியில இருக்கற ரொம்பச் சின்ன சத்தமும் ஃபேனுக்கு மேல கேட்கணும்னா, பெரிய சத்தம் 139 டெசிபல்ல இருக்கணும். ஜெட் விமானம் கிளம்பற இடத்துல நிக்கற மாதிரி. எஸ்ஏசிடிக்கு இன்னும் 20 டெசிபலுக்கு மேல கூட்டிக்குங்க. கீழ வீதியே காலி ஆயிடும். சிதம்பரத்துல மே மாசம் ஃபேனை நிறுத்திட்டுப் பாட்டுக் கேக்கற ஆளு இருந்தா, அவருக்கு என் பிளேயரை இலவசமாவே தரேன்.

அப்ப பிளேயரோட ஒலித்தரம்னு நாம பேசறதெல்லாம் பொய்யா? பொய் இல்லை, இடம் மாறிப் பேசறோம். இன்னிக்கு ஒழுங்கா செஞ்ச எந்தப் பிளேயரும், ஏன், சில ஆயிரம் ரூபாய் டிஜிட்டல் கன்வெர்ட்டர் கூட, நம்ம காதோட எல்லையைத் தாண்டிட்டது. ஒலி கெடற இடம் வேற. ஸ்பீக்கர்ல கெடும். அறையில கெடும். எல்லாத்துக்கும் மேல, மாஸ்டர் பண்றப்ப கெடும்.

அடுத்த நாள் அப்பா தன்னோட எண்பதுகளோட இளையராஜா எல்பி ஒண்ணை எடுத்தார். அதே பாட்டை நான் ஒரு ஸ்ட்ரீமிங்ல போட்டேன். அங்க 'ரீமாஸ்டர்'னு போட்டிருந்தது. எந்த லேபிள்னு சொல்லப் போறதில்லை. பழைய டெக்கோட மீட்டர்ல ரெண்டையும் மாத்தி மாத்தி விட்டோம். எல்பியில தபலா விழறப்ப ஊசி எகிறி, அடங்கி, அடுத்த தட்டுக்குத் திரும்ப எகிறிச்சு. ரீமாஸ்டர்ல ஊசி மேலேயே ஒட்டிக்கிட்டு லேசா நடுங்கிச்சு.

"ஊசி ஆடவே மாட்டேங்குது பார். ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்குது. இதை நான் கடையில குடுத்திருந்தா மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்பாங்க."

தொண்ணூறுகள்லேர்ந்து உலகம் முழுக்க நடந்த சத்தப் போரோட மொத்தக் கதையும் இதுதான். அடுத்தவன் பாட்டை விட நம்ம பாட்டு சத்தமாக் கேட்கணும்னு ஆளாளுக்கு அமுக்கினாங்க. 24 பிட் அண்டாவை வாங்கி, அதுல மேல ஒரு டம்ளர் அளவுல மட்டும் சமைக்கற மாதிரி. எஸ்ஏசிடியும் டிவிடி ஆடியோவும் நல்லா இருக்குன்னு நிறைய பேர் சொன்னதுக்குக் காரணம் பிட்டு இல்லை. அதை வாங்கறவன் கவனிச்சுக் கேட்பான்னு தெரிஞ்சு, பல தட்டுகள்ல மாஸ்டர் பண்றவங்க ஒழுங்கா வேலை பார்த்தாங்க. அவ்வளவுதான் ரகசியம்.

அப்ப இந்தத் தட்டுகளோட எதிர்காலம்?

டிவிடி ஆடியோ கிட்டத்தட்டப் போயே போச்சு. எஸ்ஏசிடி சாகலை. ஜப்பான்லயும், ஐரோப்பாவோட சில செவ்வியல் இசை லேபிள்கள்லயும் இன்னும் கொஞ்சம் கொஞ்சமா வருது. ப்ளூரேயில சரவுண்ட் இசைத் தட்டு சிலது வருது. ஆனா தட்டு இருந்தா மட்டும் போதுமா, சுத்தறதுக்குப் பொட்டி வேணாமா? எல்லா வகைத் தட்டையும் ஓட்டற நல்ல பிளேயர் செஞ்ச ஆப்போ 2018ல அந்தத் தொழிலையே விட்டுட்டாங்க. மொதல் மாடல் பிளேஸ்டேஷன் 3ல எஸ்ஏசிடி ஓடிச்சு. பின்னாடி வந்த மாடல்ல எடுத்துட்டாங்க.

இன்னொரு பக்கம், எந்த ஹை ரெசல்யூஷனுக்காகத் தட்டு வந்ததோ அது தட்டே இல்லாம வீட்டுக்கு வந்துடுச்சு. ஆப்பிள் 2021 ஜூன்ல கூடுதல் கட்டணமே இல்லாம 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கொடுக்க ஆரம்பிச்சது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பர்ல இழப்பில்லாத ஒலிக்கு வந்தது. அளவுல தட்டு ஜெயிச்சது, தொழில்ல தோத்துடுச்சு.

ஆனா ஸ்ட்ரீமிங்ல நமக்கு எந்த மாஸ்டர் கிடைக்கும்னு நாம முடிவு பண்ண முடியாது. நேத்து இருந்த பழைய பதிவு இன்னிக்கு ரீமாஸ்டரா மாறியிருக்கும். உரிமம் முடிஞ்சா பாட்டே காணாமப் போகும். தட்டுல அந்தப் பிரச்னை இல்லை. 2003ல எழுதினது 2003ல எழுதின மாதிரியே இருக்கும். தட்டு வாங்கறவங்க காசு கொடுக்கறது இதுக்குத்தான்னு எனக்குத் தோணுது.

இப்படி நான் தட்டுக்கு வக்கீலா மாறிட்டு இருக்கறப்பதான், 2025 ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனா, என் பிளேயர் 'நோ டிஸ்க்'னு சொல்லிச்சு. எஸ்ஏசிடி அடுக்கு மட்டும் படிக்கலை. சிடி அடுக்கு பாடுது. ரெண்டுக்கும் தனித்தனி லேசர். சிடிக்கு 780 நானோமீட்டர், எஸ்ஏசிடிக்கு 650. அந்த 650 போயிடுச்சு. ரிப்பேர் பார்க்கிறவர் திறந்து பார்த்துட்டு, "இந்த லேசர் யூனிட் இப்ப வர்றதில்லை சார். இதே மாதிரி இன்னொரு பழைய பிளேயர் வாங்கி, அதுலேர்ந்து கழட்டித்தான் போடணும்"னார்.

தட்டுல ஒரு கீறல் இல்லை. உள்ள இருக்கற ஒவ்வொரு பிட்டும் பத்திரமா இருக்கு. படிக்கத்தான் ஆள் இல்லை.

மாடியிலேர்ந்து பார்த்தா நடராசர் கோயில் கிழக்குக் கோபுரம் தெரியும். அன்னிக்கு சாயங்காலம் அப்பா அதைப் பார்த்துக்கிட்டே ஒரு கதை சொன்னார். சிதம்பரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். ராஜராஜ சோழன் தேவார ஏட்டைத் தேடறான். அது தில்லைக் கோயில்ல ஒரு அறையில பூட்டிக் கிடக்குன்னு நம்பியாண்டார் நம்பி சொல்றார். மூவரும் நேர்ல வந்தாத்தான் திறப்போம்னு தீட்சிதர்கள் சொல்றாங்க. ராஜா மூவரோட திருமேனியை ஊர்வலமாக் கொண்டு வந்து நிறுத்தறான். கதவு திறக்குது. உள்ள பார்த்தா கரையான் புத்து. எண்ணெய் ஊத்திப் புத்தைக் கரைச்சு எடுத்ததுல, போனது போக மிச்சம் கிடைச்சதுதான் இன்னிக்கு நாம படிக்கிறது. ஏறக்குறைய 800 பதிகம்.

இது வரைக்கும் எனக்கும் தெரியும். அப்பா அதுக்கு மேல சொன்னது, இஞ்சினியரிங் படிச்ச எனக்கு உறைச்ச மாதிரி எப்பவும் உறைச்சதில்லை.

"ஏடு கிடைச்சிடுச்சு. பண்ணு? எப்படிப் பாடறதுன்னு ஏட்டுல இல்லையே. எருக்கத்தம்புலியூருக்குப் போனாங்க. யாழ்ப்பாணர் வம்சத்துல வந்த ஒரு பொம்பளை பாடிக் காட்டினாங்க. அதை வச்சுத்தான் பண்ணு வகுத்தாங்க."

எருக்கத்தம்புலியூர்னா இன்னிக்கு ராஜேந்திரப்பட்டினம். விருத்தாசலம் பக்கம், நம்ம கடலூர் மாவட்டம்தான். திருமுறை கண்ட புராணம் சொல்ற கதை இது. வரலாறா புராணமாங்கற சண்டைக்கு நான் வரலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. டேட்டா கோயில் அறைக்குள்ள இருக்கு. அதை இசையாத் திருப்பற வித்தை ஒரு பொண்ணோட தொண்டையில இருக்கு. அந்த அம்மா மட்டும் இல்லைன்னா, ஏடு இருந்தும் பாட்டு இல்லை. என் 650 நானோமீட்டர் லேசர் மாதிரி.

"அதை ஏன் இப்ப சொல்றீங்க?"ன்னு கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லாம பரண்லேர்ந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார்.

கேசட்டு. சினிமாப் பாட்டு இல்லை. திருப்பாப்புலியூர் பாடலீசுவரர் கோயில்ல சித்திரை மாசம் நடக்கிற அப்பர் கரையேறிய விழாவுக்கு அப்பா வருஷா வருஷம் டெக்கைத் தூக்கிட்டுப் போய்ப் பதிவு பண்ணினது. கல்லுல கட்டிக் கடல்ல போட்ட அப்பர், அந்தக் கல்லையே தெப்பமா வச்சுக் கரையேறினார்னு சொல்ற ஊர் அது. ஓதுவார் ஒருத்தர் பாடியிருக்கார். நாதஸ்வரம் இருக்கு. நடுவுல சுண்டல் கொடுக்கற சத்தம், குழந்தை அழற சத்தம், அப்பாவே "மைக்கைத் தொடாதீங்க"ன்னு அதட்டற சத்தம். அந்த ஓதுவார் இப்ப இல்லை. அவர் பாடினது வேற எந்த லேபிள்லயும் இல்லை, எந்த ஸ்ட்ரீமிங்லயும் இல்லை. மொத்தம் 71 கேசட்டு இருந்ததாம். தானேவுக்கு அப்புறம் பிழைச்சது 48.

இத்தனை வருஷம் இதைப் பத்தி ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "நீ நல்ல சவுண்டு தேடறவன். இதுல இரைச்சல் ஜாஸ்தி"ன்னார்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ஒரு வருஷமா 192 கிலோஹெர்ட்ஸ், 28 லட்சம்னு இவர்கிட்ட வாய் கிழியப் பேசியிருக்கேன். சாதாரணக் கேசட்டுல 12, 13 கிலோஹெர்ட்ஸ் வந்தாலே பெரிய விஷயம். அப்பா காது 9 வரைக்கும்தான் கேட்குதுன்னு அந்தப் பொங்கலுக்கே சோதனை பண்ணிப் பார்த்தாச்சு. அதைக் கேட்டுட்டு அவர் சிரிச்சதையும், அன்னிக்கு சாயங்காலம் சீக்கிரமே கீழ இறங்கிப் போனதையும் நான் அப்ப கவனிக்கலை.

அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சோம். டெக்கோட தலையை ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சது அப்பா. ஊசியைப் பார்த்து அளவு வச்சதும் அப்பா. லேப்டாப்புல பதிவு பண்ற பட்டனைத் தட்டினது நான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்லதான் பதியறேன். காதுக்காக இல்லை. பின்னாடி இரைச்சலை எடுக்கறப்ப கை வைக்க இடம் வேணும், அதுக்கு. இதுவரைக்கும் 31 முடிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணும் மூணு இடத்துல நகல். வீட்டுல ஒண்ணு, பெங்களூருல ஒண்ணு, இணையத்துல ஒண்ணு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வேற ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தணும்னு குறிச்சு வச்சிருக்கேன். ஏட்டுச் சுவடியையும் அப்படித்தானே, பழசாக ஆக, உட்கார்ந்து புதுசா எழுதி வச்சாங்க.

முப்பத்திரண்டாவது ஓடறப்ப டெக்கோட ரப்பர் பெல்ட்டு அறுந்து போச்சு. ஓதுவார் குரல் இழுத்துக்கிட்டே போய் நின்னுடுச்சு. அப்பா மூஞ்சியைப் பார்க்க முடியலை.

மூணு மாசம் தேடி, அதே அளவுல ரெண்டு பெல்ட்டு போன வாரம் கிடைச்சது. ஒண்ணு மாட்ட, ஒண்ணு கையிருப்பு. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல ஊருக்குப் போறேன். இன்னும் 17 கேசட்டு இருக்கு.

எஸ்ஏசிடி பிளேயர் மாடியிலதான் இருக்கு. சிடி நல்லாவே பாடுது. அம்மாகிட்ட மட்டும் இன்னும் 12,000தான்.